ஐஸ்க்ரீம் வாங்கப் போன இருபது நிமிடம்

அன்புள்ள பெரியவளுக்கு,

இங்கே நான், அம்மா, தம்பி மூவரும் நலம். நீயும் நலம் என்று அம்மா சொன்னாள். ஒரு மாதமாக அவள் சொல்லித்தான் எனக்குத் தெரிகிறது. தம்பி பரீட்சை எழுதிவிட்டான், எப்படி என்று கேட்டால் ‘எழுதியிருக்கேன்’ என்கிறான், அதற்கு மேல் பேச்சில்லை. இங்கே உன் அறையில் என் பழைய ஃபிரிட்ஜ் கம்ப்ரசர் இரண்டு இருக்கின்றன, கோபப்படாதே, கட்டில் மேல் எதையும் வைக்கவில்லை.

நீ கிளம்பிய அன்று ஏர்போர்ட்டில் அப்பா கோபத்தில் சொல்லாமலே போய்விட்டார் என்று அம்மாவிடம் வருத்தப்பட்டாயாம். ஐஸ்க்ரீம் வாங்கத்தான் போனார் என்று அவள் சொன்னதற்கு, ‘ஐஸ்க்ரீம் வாங்க இருபது நிமிஷமா’ என்று கேட்டாயாம். நியாயமான கேள்வி. முந்தின நாள் ‘போறதுன்னா போ, என்னை எதுக்குக் கேக்கறே’ என்று நான் சொன்னது உண்மை. அதற்குப் பிறகு எப்படிப் பேச்சைத் தொடங்குவது என்று தெரியவில்லை. அதனால்தான் ஐஸ்க்ரீம். கடையில் இருந்த பெண், ‘மெஷின் மக்கர் பண்ணுது அங்கிள், தண்ணியாத்தான் வருது’ என்றாள். நான் திரும்பியிருக்க வேண்டும். இருபத்தாறு வருஷமாக ஃபிரிட்ஜ் ரிப்பேர் பார்க்கிறவன், அதன் சத்தத்தைக் கேட்டுவிட்டேன். பின்பக்கத் தகட்டைக் கழற்றினால் கம்பளி மாதிரி தூசி. காற்று போக வழியே இல்லை. என் கைக்குட்டை, அவளுடைய துடைப்பம், இரண்டையும் வைத்துச் சுத்தம் செய்தேன். கெட்டியாக வரக் கால் மணி ஆகும் என்றேன், நானே காத்தும் நின்றேன். ‘உங்களுக்கு ஃபிளைட்டுக்கு நேரமாகலையா அங்கிள்’ என்று கேட்டாள். எனக்கில்லை, என் மகளுக்கு என்றேன். சொன்ன பிறகுதான் உறைத்தது.

இரண்டு கோனோடு ஓடி வந்தபோது அம்மா மட்டும் நின்றாள். ‘மூணு தடவை திரும்பிப் பார்த்துட்டுப் போனா, நீங்க எங்கே போய்த் தொலைஞ்சீங்க’ என்றாள். அவள் கோனை அழுதுகொண்டே சாப்பிட்டாள், நன்றாக இருக்கிறது என்றும் சொன்னாள். உன்னுடையது என் முழங்கை வரை உருகியது. வண்டி ஸ்டியரிங் இன்னும் பிசுபிசுக்கிறது. மெஷின் விஷயம் அவளுக்குத் தெரியாது. சொல்லிவிடாதே.

நீ போனது சரிதான். இதை அன்று ஏர்போர்ட்டில் சொல்லத்தான் நினைத்திருந்தேன்.

அங்கே உன் அறை ஃபிரிட்ஜ் கடகடவென்று சத்தம் போடுகிறதாமே. சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வை. கால் ஆடினால் அட்டையை மடித்து அடியில் கொடு. வேளைக்குச் சாப்பிடு, எங்கே இருந்தாலும் நன்றாக இரு. சத்தம் நிற்காவிட்டால் போன் செய், அம்மா நம்பருக்கு இல்லை, என் நம்பருக்கு. பேச வேண்டும் என்றில்லை. போனை ஃபிரிட்ஜ் பக்கத்தில் வை, நான் கேட்டுக்கொள்கிறேன்.

உன் அப்பா