திரை கேட்ட கேள்வி

பம்பாய்
17.8.1979

அன்புப் பதருன்னிசாவுக்கு ஸலாம். நான் சுகம். அங்கே உன் உடம்பு எப்படியிருக்கிறது? அத்தாவின் கண் எரிச்சல் போய்விட்டதா? இங்கே ஓயாத மழை. கம்ப்யூட்டர் திரையில் பச்சை எழுத்துகள் அலைபோல ஏறிக்கொண்டே போகின்றன. பார்த்துக்கொண்டிருந்தால், சதுரங்கப்பட்டினம் கோட்டைக்குப் பின்னால் கடலைப் பார்த்து உன்னோடு உட்கார்ந்திருப்பதுபோலவே இருக்கிறது.

அந்த மயக்கத்தில் செவ்வாய்க்கிழமை ஒரு சின்ன விஷயம் நடந்தது. பயப்படாதே. சேமிக்க ஏழாம் எண்ணை அமுக்க வேண்டும், அழிக்க எட்டாம் எண்ணை. விரல் வழுக்கிவிட்டது. காலையிலிருந்து நான் கம்ப்யூட்டரில் ஏற்றிய, எங்கள் கம்பெனிக் கப்பல் ஆட்களின் பெயர்களெல்லாம் போயின. புரோகிராம் எழுதிய கஸ்தூரிரங்கன், நம் கூடுவாஞ்சேரிக்காரர், ஓடிவந்தார்.

"இன்னா பாய், பாத்து அமுக்கக் கூடாதா?"

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "தப்பு என் வெரல்ல இல்ல சார், உங்க திரையில கீது" என்றேன். அத்தா காது மருந்தைக் கண்ணில் விட்டுக்கொண்டபோது நீ அவரைத் திட்டவில்லை. தடவினாலே தெரியட்டும் என்று காது மருந்துக் குப்பியின் கழுத்தில் நூலைச் சுற்றிவைத்தாய். அதைச் சொன்னேன். அவர் ஒரு காகிதத்தில் ஏதோ குறித்துக்கொண்டு போனார்.

இன்று பார்த்தால், அழிக்கும் எண்ணை எட்டிலிருந்து மாற்றி, ஏழுக்குத் தூரமாக வைத்திருக்கிறார். அதை அமுக்கினால், "நிச்சயம்தானா?" என்று திரை கேட்கிறது. சும்மாவே நாலைந்து முறை அமுக்கிப் பார்த்தேன். யாராவது கேட்பது நன்றாக இருக்கிறது.

அந்த நூலில் ஒரு முழம் அனுப்பு, சட்டைக்குப் பொத்தான் தைக்க வேண்டும். தபால் எடுக்க ஆள் வந்துவிட்டான். நான் இங்கே கிளம்பிய அன்று செங்கல்பட்டு ஸ்டேஷனில் ரயில் நகர்ந்தபோது, "தண்ணி எடுத்துகினீங்களா?" என்று மட்டும்தான் கேட்டாய். இந்தத் திரை கேட்பதை நீ கேட்டிருந்தால், இறங்கியிருப்பேன்.

உன்
ஜெயினுலாபுதீன்