மடித்து லேமினேட் செய்த பேப்பர்

ஜூன் 9, திங்கள்

காலையிலிருந்து மழை. ஹார்பர் லைன் ரயில் இருபது நிமிடம் லேட். குடைக்கம்பி ஒன்று போய்விட்டது. ஆபீஸில் ஏழு அஃபிடவிட் அடித்தேன்: பெயர் மாற்றம் மூன்று, தொலைந்த மார்க்‌ஷீட் இரண்டு, மற்றவை ஞாபகமில்லை. பத்தொன்பது வருஷமாக செம்பூரில் இந்த ஒரே வக்கீல் மேடத்திடம் இதே வேலை.

ஐந்தரைக்குப் பெரியப்பா வந்தார். அப்பாவின் கூடப்பிறந்த அண்ணன், தங்கராஜ். தாராவியிலிருந்து தனியாகப் பஸ் ஏறி, வெள்ளைச் சட்டை நனைந்து. இந்த ஆபீஸ் வாசலை மிதித்தது இதுவே முதல் தடவை.

“ஏட்டி கிரேஸி, வேற யாருட்டட்டி போவேன்? நீதான் பாக்கணும்.”

விஷயம் இது. தாராவியை இடித்துப் புது வீடு கட்டித் தர ரூம் ரூமாக சர்வே நடக்கிறது. பழைய சான்று கேட்கிறார்களாம். இவருடைய பழைய காகிதமெல்லாம் ஒரு மழையில் கரைந்து போயிற்று. மிஞ்சியதைப் பெரியம்மா, உயிரோடு இருந்தபோது, ஒரே நாளில் லேமினேட் செய்து வைத்திருக்கிறாள். அதில் ஒன்றுதான் போதுமான அளவு பழையது. மராத்தியில் கையால் நிரப்பிய ஃபாரம், வட்ட முத்திரை, ரூம் அட்ரஸ். பெயர் மட்டும் செல்வராஜ்.

செல்வராஜ் என் அப்பா.

“அவன்தான் போய்ச் சேந்துட்டானே. எனக்கும் வீட்ல அந்தப் பேருதான், ரெண்டும் ஒரே ஆளுதான்னு எழுதிக் குடுத்தா ஆவுமாம். சர்வேக்காரன் சொல்லுதான்.”

என்னிடமே வந்து, என் அப்பா பெயரைக் கேட்கிறார். டீ வாங்கிக் கொடுத்தேன். பேப்பரை வைத்துவிட்டுப் போகச் சொன்னேன். அதை டிராயரில் போட்டு அறைந்து மூடினேன். கோபத்தில்.

அம்மாவுக்கு சுகர் மாத்திரை வாங்க மறந்துவிட்டேன்.

ஜூன் 10, செவ்வாய்

மழை இல்லை, புழுக்கம். மதியம் மேடம் கோர்ட்டுக்குப் போனதும் பேப்பரை எடுத்தேன். பெ.அ.வுக்கு (இனி பெரியப்பாவை இப்படியே எழுதுகிறேன், முழுதாக எழுத மனசில்லை) மராத்தி ஒரு எழுத்து தெரியாது. எனக்குத் தெரியும், முனிசிபல் ஸ்கூல் புண்ணியம்.

பெயர்: செல்வராஜ். தகப்பனார் பெயர் சரி. அட்ரஸ் சரி. தேதி, நான் பிறப்பதற்கு ஆறு வருஷம் முன். அதற்குக் கீழே அடையாளக் குறி என்று ஒரு வரி: வலது முன்கையில் நீளத் தீக்காயத் தழும்பு.

அப்பாவின் வலது கையில் தழும்பே கிடையாது. கடைசி மூன்று மாதம் நான்தான் அந்தக் கையைப் பிடித்துக் குளிப்பாட்டினேன்.

பின்பக்கம் பைபிள் வசனம் அச்சடித்த புது வருஷ வாக்குத்தத்த அட்டை. உறையின் ஒரு பக்கம் வீணாகக் கூடாதென்று பெரியம்மா சபையில் கொடுத்த அட்டையை முதுகோடு முதுகாக வைத்து ஒட்டியிருக்கிறாள். மேல் விளிம்பு மட்டும் தடித்திருந்தது. பிளேடால் ஒரு ஓரத்தைக் கீறி உள்ளே பார்த்தேன். ஃபாரத்தின் தலைப்பு பின்னால் மடிக்கப்பட்டு, அட்டைக்கும் அதற்கும் நடுவில் ஒளிந்திருந்தது.

காராக்ருஹ. ஜெயில். விடுதலைச் சீட்டு.

பாத்ரூமுக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு நின்றேன். பத்து நிமிடம்.

இது எனக்குள்ளேயே கிடந்தது போதும், ஒழுங்காக எழுதி வைக்கிறேன். நான் பிறப்பதற்கு முன்னால் தாராவியில் ஒரு தோல் குடோனில் திருட்டு. பிடிபட்டது பெ.அ., போலீஸில் சொன்ன பெயர் செல்வராஜ். எட்டு மாதம் ஜெயில். அதே எட்டு மாதம் அப்பா குஜராத்தில், வாபியில் சாயப் பட்டறையில். பெ.அ. வெளியே வந்ததும் கதையைத் திருப்பிப் போட்டார்: வாபியில் இருந்தது நான், உள்ளே இருந்தது தம்பி. ஊருக்கு வந்த போலீஸ் காகிதத்தில் இருந்தது அப்பா பெயர். அப்பாவிடம் இருந்தது வெறும் வாய்.

அதற்குப் பிறகு அப்பாவுக்கு நடந்தவை:
– நிச்சயமான கல்யாணம் நின்றது. (பெண் அம்மா இல்லை, வேறு ஒருத்தி.)
– சபைப் பதிவேட்டிலிருந்து பெயர் நீக்கம். மைக்கில் வாசித்தார்கள்.
– அண்ணன் தம்பி இருவரும் வாடகை கொடுத்த ரூமிலிருந்து வெளியே. தேவ்நாரில் குடிசை.
– ஒவ்வொரு கணபதி பண்டிகைக்கும் முன்னால் ‘பழைய ஆள்’ என்று போலீஸ் ஸ்டேஷனில் உட்கார வைப்பார்கள். டப்பாவில் சோறு கொண்டுபோவது நான். நாலாம் வகுப்பு, ஐந்தாம் வகுப்பு, ஆறாம் வகுப்பு.

அடக்கத்தன்று குழிமேட்டில் நின்று ஜெபம் பண்ணியது பெ.அ.தான். “எந்தம்பி வாலிபத்துல வழி தப்பிப் போனான் ஆண்டவரே, நீர் மன்னிச்சு ஏத்துக்கிடும்.” பதினோரு வருஷம் ஆகிறது. ஒரு சொல் மறக்கவில்லை.

அந்த ஜெயில் ரெக்கார்டுக்காக இரண்டு தடவை மனுப் போட்டேன். இரண்டு தடவையும் பழைய ஃபைல்கள் அழிக்கப்பட்டன என்று பதில். இப்போது அது லேமினேட் ஆகி, நடந்து, டீ குடிக்க வந்திருக்கிறது.

ஜூன் 12, வியாழன்

தூறல். அரை நாள் லீவு போட்டுத் தாராவி போனேன். தழும்பை மறுபடி பார்க்க வேண்டும். எல்லோரும் பார்த்ததுதான். வருஷக் கடைசி ஆராதனையில் பெ.அ. சொல்லும் சாட்சியே அதுதான்: ஸ்டவ் வெடித்தது, ஆண்டவர் காப்பாற்றினார், கையைத் தூக்கிக் காட்டுவார், ஜனங்கள் ஸ்தோத்திரம் சொல்லும். நானும் சொல்லியிருக்கிறேன்.

“பெரியப்பா, அடையாளக் குறி எழுதணும். தழும்பு ஏதாவது இருக்கா?”

“என்னட்டி தெரியாத மாதிரி கேக்க?” சட்டைக்கையை மடக்கி நீட்டினார். முழங்கைக்கு நாலு விரல் கீழே தொடங்கி மணிக்கட்டு வரை. இந்த ஸ்டவ் எந்த வருஷம் வெடித்தது என்று கேட்டேன். கல்யாணத்துக்கு மூணு வருஷம் முன்ன என்றார். கணக்கு சரியாக வருகிறது. சீட்டின் தேதிக்கு ஒரு வருஷம் முன்.

அவர் மகன் ஜெபராஜ் அண்ணன் போனில் யாரிடமோ இந்தியில் கத்திக்கொண்டே உள்ளே வந்தார். “அரே கிரேஸி, ஜல்தி பண்ணும்மா. வர்ற வியாழக்கிழம செகண்ட் விசிட். அதுக்குள்ள பேப்பர் ரெடி இல்லன்னா ரூம் கயா, போச்சு.”

“லேமினேஷனப் பிரிச்சு ஜெராக்ஸ் எடுக்கணும் அண்ணே.”

“ஒனக்கு என்ன வேணுமோ செய்யி,” என்றார் பெ.அ. “ஒன்னயத்தான் நம்பியிருக்கேன்.”

அவருக்கு அது என்ன பேப்பரென்றே தெரியவில்லை. தம்பியின் ஏதோ பழைய குடிசைச் சான்று என்று நினைத்திருக்கிறார். தம்பி பெயரை இன்னொரு தடவை எடுத்துக்கொள்ளலாமென்று கிளம்பிவிட்டார். பெரியம்மா தெரிந்தே மடித்தாளா? முத்திரை உள்ள காகிதத்தை எங்கள் ஜனம் எறியாது. எறியவும் முடியாமல், காட்டவும் முடியாமல் மடித்திருப்பாளோ. கேட்க ஆளில்லை.

திரும்பும்போது சந்துக்கடையில் ஆப்பம் இரண்டு. நன்றாகப் பசித்தது. ரொம்ப நாளைக்குப் பிறகு.

ஜூன் 14, சனி

வெயில். மேடத்திடம் டிராஃப்ட் காட்டினேன். எல்லாவற்றையும் சொன்னேன். கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார்.

“இஸ்மே கோயி ஜூட் தோ நஹீ?” இதில் பொய் எதுவும் இல்லையே என்று கேட்டார்.

“நஹீ மேடம். ஸப் ஸச் ஹை.” எல்லாமே உண்மை என்றேன்.

அதுதான் இதில் எனக்குப் பிடித்த இடம். அந்தச் சீட்டில் இருக்கும் செல்வராஜ் நான்தான் என்று அவர் கையெழுத்துப் போடப்போகிறார். பொய் சொல்வதாக நினைத்துக்கொண்டு வாழ்க்கையில் முதல் தடவையாக உண்மையைச் சொல்ல வருகிறார்.

மேடம் இரண்டு நிபந்தனை போட்டார். அவருக்குத் தெரிந்த மொழியில் முழுவதையும் இணைப்போடு வாசித்துக் காட்ட வேண்டும், கையெழுத்துக்கு முன். நெடுநாள் தெரிந்த இரண்டு பேர் சாட்சி. ஏமாற்றி வாங்கினால் நோட்டரி முத்திரை கிடையாது.

ஏமாற்ற நான் என்ன பெ.அ.வா.

பெ.அ.வுக்குப் போன் போட்டு, மதிப்புள்ள ஆட்களாகக் கூட்டிவாருங்கள் என்றேன். யாரைக் கூட்டிவருவார் என்று தெரியும்.

ஜூன் 15, ஞாயிறு

கோயிலுக்குப் போகவில்லை. துணி துவைத்தேன். பாதி காயவில்லை. அம்மாவிடம் சொன்னேன். கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். ஆய்ந்துகொண்டே இருந்தாள்.

“அப்ப அந்த ரூமு நமக்குல்லா வரணும், ஒங்கப்பா பேர்ல இருக்குன்னா?”

“ரூமு வேண்டாம்மா. அது அப்பாவோட பேப்பர் இல்ல. அதத்தான எழுதி வாங்கப் போறேன். பேரு வேணும்.”

அடுத்த கட்டைப் பிரித்தாள். வயசான மனுஷன், விட்டுவிடு என்று சொல்வாள் என்று பயந்தேன். சொன்னால் சண்டை போடத் தயாராக இருந்தேன்.

“ஒங்கப்பா கடைசி வரைக்கும் அவர அண்ணன்னுதான் சொன்னாரு,” என்றாள். “நான் அப்படிச் சொல்ல மாட்டேன். எனக்குத் தமிழ்ல ஒண்ணு எழுதி வாங்கிட்டு வாட்டி. நானே வாசிக்கணும்.”

தண்டு ஒன்றுகூட இல்லாமல் ஆய்ந்து வைத்திருந்தாள்.

ஜூன் 17, செவ்வாய்

பலத்த மழை. நாலு மணிக்குச் சொன்னால் நாலே காலுக்கு வந்தார்கள். பெ.அ., ஜெபராஜ் அண்ணன், சபைச் செயலர் ஐசக் மாமா, பக்கத்து ரூம் கோயில்பிள்ளை அண்ணாச்சி. நினைத்தது சரி. அப்பாவின் பெயர் நீக்கத்தை மைக்கில் வாசித்தவர் இந்த ஐசக் மாமாதான்.

ஆளுக்கொரு நாற்காலி. மேடம் உள் அறையில், கதவு திறந்தபடி. நான் தமிழில் வாசித்தேன், நிறுத்தி நிறுத்தி.

“இணைப்பில் செல்வராஜ் என்று குறிப்பிடப்பட்டிருக்கும் நபர் நானே. வேறு எவரும் அல்ல.”

“ஆமா.”

“அது என் தம்பி செல்வராஜைப் பற்றியது அல்ல.”

“அல்ல, அல்ல.”

“அதில் கண்ட தீக்காயத் தழும்பு என் வலது கையில் உள்ளது.”

அவராகவே சட்டைக்கையை மடக்கி ஐசக் மாமாவிடம் காட்டினார். மாமா தொட்டுப் பார்த்து, “நமக்குத் தெரியாத தழும்பா?” என்று சிரித்தார்.

“இனி இணைப்பு,” என்றேன். மடிப்பைப் பிரித்து மேஜையில் வைத்தேன். தலைப்பை முதலில் மராத்தியில் வாசித்தேன், பிறகு தமிழில். ஜெயில் விடுதலைச் சீட்டு. குற்றம், திருட்டு. தண்டனை, எட்டு மாதம். அடையாளக் குறி. அங்கே கொஞ்சம் நிறுத்தினேன். வேண்டுமென்றே.

மடக்கிய சட்டைக்கையை இறக்க பெ.அ.வுக்குத் தோன்றவில்லை.

“இது எங்கட்டி இருந்துச்சு?”

“வாக்குத்தத்த அட்டைக்குப் பின்னால, பெரியப்பா.”

“இது வேண்டாம். கிழிச்சிப் போடு.”

“கிழிக்கலாம். உங்க பேப்பர். ஆனா ரூமுக்கு வேற சான்று இல்ல.”

ஜெபராஜ் அண்ணன் தன் அப்பாவைப் பார்க்கவே இல்லை. சீட்டிலுள்ள தேதியைப் பார்த்தார், போனில் இன்றைய தேதியைப் பார்த்தார்.

“அப்பா, சைன் பண்ணுங்க.”

“எல, என்னல சொல்லுத? நாலு பேரு முன்னால...”

“நாளான்னிக்கு சர்வே. ஏழு பேரு ரோட்டுல நிக்கவா? சைன் கரோ பப்பா, அவ்ளோதான்.”

பேனாவை மகன்தான் எடுத்துக் கையில் திணித்தார். பெ.அ. மூடியைக் கழற்றத் தோன்றாமல் பேனாவைத் திருப்பிக்கொண்டிருந்தார். பாவமாக இருந்தது, இரண்டு நிமிடம். எழுதி வைக்கிறேன், பின்னால் அப்படியெல்லாம் இல்லை என்று எனக்கே சொல்லிக்கொள்ளக் கூடாது. அப்புறம் அந்த டப்பா ஞாபகம் வந்தது. ஸ்டேஷன் பெஞ்சில் அப்பா எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு சாப்பிடுவார்.

கையெழுத்துப் போட்டார். இங்கிலீஷ் பிரதியில் ஒன்று, தமிழ்ப் பிரதியில் ஒன்று. கோயில்பிள்ளை அண்ணாச்சி சாட்சி போட்டார், தலை நிமிராமல். ஐசக் மாமா பேனாவைப் பிடித்தபடி ரொம்ப நேரம் இருந்தார்.

“செல்வராசு பேர அன்னைக்கு நான்தானம்மா வாசிச்சேன்.”

“ஆமா மாமா. மைக்ல.”

அவரும் போட்டார். மேடம் வந்து முத்திரை வைத்தார். சிவப்பு மை நன்றாகப் பதிந்தது.

போகும்போது பெ.அ. வாசலில் நின்று கேட்டார், “ஒனக்கு என்னட்டி கெடச்சிது இதுல?” கதவைத் திறந்து பிடித்தேன். மகன் குடையை விரித்துக்கொண்டு முன்னால் போய்விட்டார். பெ.அ. நனைந்துகொண்டு பின்னால்.

பார்த்துக்கொண்டு நின்றேன். நன்றாக இருந்தது. பொய் சொல்லவில்லை, நன்றாகத்தான் இருந்தது.

ஜூன் 18, புதன்

தூறல். ஆபீஸ் போகும் வழியில் ஜெராக்ஸ், பத்து காப்பி. அனுப்ப வேண்டியவர்கள்:
– சபைக் கமிட்டி, பதிவேட்டில் அப்பா பெயரைத் திரும்ப எழுதக் கேட்டு மனுவோடு. ஐசக் மாமா போன் செய்தார், மைக்கில் தானே வாசிப்பதாகச் சொல்கிறார். வாசிக்கட்டும்.
– ஊர்ச் சேகரக் குருவானவர்.
– அத்தைமார் இரண்டு பேர், விக்ரோலி, நெருள்.
– நின்றுபோன கல்யாணத்துப் பெண் வீட்டார். அட்ரஸ் விசாரிக்க வேண்டும்.
– ஸ்டேஷன். யாருக்கும் ஞாபகம் இருக்காது. இருந்தாலும்.
– மீதி நாலு, கேட்பவர்களுக்கு. கேட்காதவர்களுக்கும்.

அம்மாவுக்கு ஜெராக்ஸ் இல்லை, தமிழ் ஒரிஜினல், லேமினேட் செய்து. கடைக்காரன் உறை சின்னது, மேலே கொஞ்சம் மடிக்கட்டுமா என்று கேட்டான். வேண்டாம், பெரிய உறை வரும்வரை காத்திருக்கிறேன் என்றேன். காத்திருந்தேன். ஆபீஸுக்கு லேட்.