சம்பந்தம் பாதியில் விட்ட வரி

சம்பந்தம்,

எழுப்ப மனசு வரல, வேலைக்குக் கெளம்பிட்டேன். மோனோரயில் பக்கத்துக் கடையில சைவச் சாப்பாடு தாப்பாவ் பண்ணி, பொட்டலத்தை மேசைமேல வச்சிருக்கேன். ரசத்தைச் சுட வச்சுக்கோ. குழாயைப் பாக்க வீட்டுக்கார சூசன் ஆன்டி வருவாங்க. உங்கம்மாவைப் பத்திக் கேட்டு அழுதாலும் அழுவாங்க, பொறுத்துக்கோ.

நேத்து ஊர்லேர்ந்து வந்ததும் வராததுமா லேப்டாப்பைத் திறந்து, "யாருடா என் பயிற்சியெல்லாம் முடிச்சது?"ன்னு கத்துனே. நான்தான். தினம் ஒரு புரோகிராமிங் பயிற்சின்னு நீ விடாம போட்டுட்டு வந்த வரிசை, அம்மா காரியத்துக்குப் போனதால அறுந்துடக்கூடாதுன்னு உன் பேர்லயே போட்டேன். நீ பாதியில விட்டுப்போன கோட் வரியையும் முடிச்சேன். உதவின்னு நெனச்சேன் லா. "ஊர்லேர்ந்து போன் வர்றதுக்கு முன்னாடி, அம்மா இருக்கும்போது அடிச்ச வரிடா அது"ன்னு நீ சொன்னப்புறந்தான் உறைச்சுது.

நீ விட்டுப்போன பழைய பதிவு அந்தப் பயிற்சி வெப்சைட்லயே இருந்துச்சு. நான் போட்டதையெல்லாம் அழிச்சிட்டேன். உன் வரி, நீ விட்ட எடத்துலயே நிக்குது. எப்ப தோணுதோ அப்ப முடி. முடிக்காட்டியும் பரவால்ல.

சாவி செருப்பு ராக்குல.

ஜாபர்

இன்னொண்ணு. வரிசைக்காகச் செஞ்சேன்னு சொன்னது முழுசா நெசமில்ல. யாருமில்லாத ரூம்ல உன் பேருக்குப் பக்கத்துல பச்சை டிக் விழறப்ப, எதிர்க்கட்டில்ல நீ உக்காந்திருக்கிற மாதிரி இருந்துச்சு.

இப்ப நெசமாவே வந்துட்டே. திட்டணும்னா திட்டு, பேசாம மட்டும் இருக்காதே.