அத்தா ஓட்டும் உன் வண்டி

பேகம்பூர்,
திண்டுக்கல்.

அன்பு மகன் ரஃபீக்குக்கு அம்மா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் நானும் அத்தாவும் நல்ல சுகமாக இருக்கிறோம். அங்கே தோஹா வெயிலில் உன் உடம்புக்கு ஒரு குறையும் வரக் கூடாது என்று ஒவ்வொரு தொழுகையிலும் கையேந்திக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். தினம் போனில் முகம் பார்த்துப் பேசுகிறோமே, இந்த அம்மாவுக்குக் கடிதம் எதற்கு என்று நீ சிரிப்பாய். சிரித்துக்கொள். போனை எடுத்த உடனே அத்தா ஸ்பீக்கரைப் போட்டுவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்துகொள்கிறார், அவரைப் பற்றியே பேசுவதற்கு எனக்கு எங்கே வழி இருக்கிறது. எதிர் வீட்டு பாத்திமாவின் வீட்டுக்காரர் லீவு முடிந்து தோஹா திரும்புகிறார். அவர் பையில் உனக்கு எலுமிச்சை ஊறுகாயும் கொஞ்சம் மல்லிப்பொடியும் கொடுத்துவிடுகிறேன், அதோடு இந்தக் கடிதத்தையும் வைக்கிறேன். ஊறுகாயைப் பிரிப்பதற்கு முன்னால் இதைப் படி.

போன மாதம் நீ போன் பண்ணி, கம்பெனியில் இன்னும் இரண்டு வருடத்துக்கு நீட்டித்துவிட்டார்கள், இப்போதைக்கு ஊருக்கு வர முடியாது, புது ரேஸ் பைக் நின்று வீணாகப் போக வேண்டாம், கூட்டாளி ஆனந்த்ராஜ் கேட்கிறான் அவனிடமே விற்றுவிடுங்கள் என்று சொன்னாய் அல்லவா. அத்தா உன்னிடம் "பாப்பம்டா" என்று மட்டும் சொன்னார். மறுநாள் விடியற்காலை ஃபஜ்ர் தொழுதுவிட்டு வந்தவர் டீ கூடக் குடிக்காமல் வண்டி மேல் மூடியிருந்த தார்ப்பாயை இழுத்துப் போட்டார். என்ன செய்கிறீர்கள் என்றால், "நிப்பாட்டியே வச்சா பேட்டரி செத்துப் போயிரும், விக்கிற வரைக்கும் நான் ஓட்டி வைக்கிறேன்" என்கிறார். எப்போது விற்பீர்கள் என்றேன். "வண்டி அவென் பேர்ல இருக்கு மெஹராஜு, அவென் நேர்ல வந்து கையெழுத்துப் போட்டாத்தான் விக்க முடியும்" என்றார். நானும் நம்பிவிட்டேன். உண்மையைச் சொன்னால் அந்த வண்டியை விற்கச் சொல்லி அவரை நச்சரித்தவளே நான்தான். நீ அதை வாங்கி வந்து வாசலில் நிறுத்திய அன்றைக்கே எனக்கு அதைப் பிடிக்கவில்லை, முட்ட வருகிற கிடா மாதிரி தலையைக் குனிந்துகொண்டு நிற்கிறது.

இத்தனை வருடமாக டி.வி.எஸ். எக்ஸெல் ஓட்டிய மனுஷன் இதில் ஏறினால் என்ன ஆகும். முதல் நாள் வேலை பார்க்கும் தோல் கிட்டங்கிக்குப் போகிற மாதிரியே கைலியோடு வந்து காலைத் தூக்கிப் போட்டார். எக்ஸெல்லில் நடுவில் காலை வைத்து ஏறிவிடலாம், இதில் பின்பக்கம் அவர் இடுப்பு உயரத்துக்கு நிற்கிறது. கைலி சீட்டில் மாட்டி, ஒரு கால் அந்தப் பக்கம், ஒரு கால் இந்தப் பக்கம், மானம் போகாமல் காப்பாற்றியது எதிரே யாரும் வராததுதான். நான் சிரித்ததில் அவருக்குக் கோபம் வந்து உள்ளே போய் அலமாரியில் இருந்து உன் ஜீன்ஸைப் போட்டுக்கொண்டு வந்தார். கால் நீளமாக இருக்கிறது என்று இரண்டு மடிப்பு மடித்திருந்தார், இடுப்புப் பட்டன் போட முடியாமல் மேலே சட்டையை இறக்கிவிட்டிருந்தார். உன் ஹெல்மெட்டும் அவருக்குச் சின்னது, மாட்டும்போதும் கழற்றும்போதும் காது மடங்கி முகமெல்லாம் சிவந்துபோகிறது. புதிது வாங்குங்கள் என்றால் இதுவே போதும் என்கிறார். கியர் வேறு அவருக்குச் சண்டை. கல்யாணமான புதிதில் அவர் வைத்திருந்த பழைய வண்டியில் எல்லாக் கியரும் கீழே அமுக்குவதாம், இதில் மேலே தூக்க வேண்டுமாம். பழக்க தோஷத்தில் கீழேயே அமுக்கிக்கொண்டிருக்க, வண்டி தெருவையே கூட்டுகிற மாதிரி கத்தியது. குனிந்தே ஓட்டி ஓட்டி மணிக்கட்டும் இடுப்பும் பிடித்துக்கொண்டு ஒரு வாரம் தைலம் தேய்த்துவிட்டேன். மறைக்காமல் ஒன்று சொல்கிறேன், திட்டாதே. பள்ளிவாசல் முக்கில் எக்ஸெல்லைத் திருப்புகிற மாதிரி ஒரே இடத்தில் ஒடித்துத் திருப்பப் பார்த்து வண்டியைச் சாய்த்துவிட்டார். ஹேண்டில் அவ்வளவு ஒடியாதாமே. அவருக்கு ஒன்றும் இல்லை, இடது பக்கத்தில் ஒரு விரல் நீளத்துக்குக் கீறல். அந்த இடத்தில் 786 ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறார். அது பரக்கத்துக்கு ஒட்டியது என்று உன்னிடம் சொல்வார், நம்பாதே.

ஆனால் விட்டுவிடவில்லை அப்பு. தினம் கிட்டங்கிக்கு அதில்தான் போய் வருகிறார், எக்ஸெல் மூலையில் நிற்கிறது. இப்போது கியர் சத்தம் கேட்பதில்லை, வளைவில் லேசாகச் சாய்ந்து வருகிறார். ஒரு நாள் மத்தியானம் நான் அடுப்படியில் மீன் கழுவிக்கொண்டிருந்தேன், தெருமுனையில் வண்டிச் சத்தம் கேட்டது. ஜன்னலில் பார்த்தால் உன் ஹெல்மெட், உன் ஜீன்ஸ். நீதான் வந்துவிட்டாய் என்று கையைக்கூடத் துடைக்காமல் வாசலுக்கு ஓடினேன். ஹெல்மெட்டைக் கழற்றினால் நரைத்த தாடி. எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் என்னவென்று கேட்கவில்லை, மீன் நாற்றம் அடிக்கிறது போ என்றார்.

இதற்கு நடுவில் என் தங்கை மகள் பாஸிலாவுக்குப் பெண் குழந்தை பிறந்திருக்கிறது, போனில் சொன்னேனே. செம்பட்டியில் அவள் வீட்டில் பெயர் வைத்து ஆடு அறுத்து அகீகா வைத்தார்கள், ஆடு நான் வாங்கித் தருகிறேன் என்று அத்தா ஏற்றுக்கொண்டார். வியாழக்கிழமை அய்யலூர் சந்தைக்கு உன் வண்டியில்தான் போனார். சுற்றிச் சுற்றி வந்து, பல்லைப் பார்த்து, முதுகைப் பிடித்துப் பார்த்து, துண்டுக்குள் கையை விட்டு விலை பேசி நல்ல கறுப்பு வெள்ளாடு ஒன்றைப் பிடித்துவிட்டார். ஆட்டை இழுத்துக்கொண்டு வண்டிக்கிட்டே வந்த பிறகுதான் எக்ஸெல்லில் வரவில்லை என்பதே நினைவு வந்திருக்கிறது. எக்ஸெல் என்றால் முன்னால் நிற்க வைத்துக் காலுக்கு நடுவே அணைத்துக்கொண்டு வந்துவிடுவார். இதில் ஆட்டை எங்கே வைப்பது. டேங்கு மேல் படுக்கப் போட்டுப் பார்த்தாராம், அது வழுக்கி வழுக்கி இறங்கியதாம், சந்தையே கூடி நின்று வேடிக்கை பார்த்ததாம். கடைசியில் திண்டுக்கல் வந்த காய்கறி வண்டிக்காரர் நல்லுசாமி என்பவரின் லோடு ஆட்டோவில் ஏற்றிவிட்டு, ஆடு எங்கே குதித்துவிடுமோ என்று அந்த ஆட்டோவின் பின்னாலேயே நாலு வழிச் சாலை முழுக்க உருட்டிக்கொண்டு வந்திருக்கிறார். பஸ்ஸெல்லாம் ஹாரன் அடித்துவிட்டுத் தாண்டிப் போனதாம், அவ்வளவு பெரிய ரேஸ் வண்டியில் தக்காளி ஆட்டோவை முந்தாமல் வந்த முதல் ஆள் உன் அத்தாவாகத்தான் இருப்பார்.

அகீகாவுக்கு முதல் நாள் ஆனந்த்ராஜ் வீட்டுக்கு வந்தான். அத்தா கடைத்தெருவுக்குப் போயிருந்தார். பையன் மரியாதையாகத்தான் பேசினான், டீ குடித்துவிட்டு, வண்டி விஷயம் என்னாச்சும்மா என்று கேட்டான். ரஃபீக் நேரில் வந்து கையெழுத்துப் போட வேண்டுமாமே என்றேன். அவன் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, "இல்லம்மா, பேப்பரை அங்க அனுப்பி வச்சா அவென் கையெழுத்துப் போட்டுத் திருப்பி அனுப்பிருவான், அதுக்கு ஆள் இருக்கு, அத்தாகிட்ட அன்னைக்கே வெவரமா சொன்னேனே" என்றான். எனக்கு ஒன்றும் ஓடவில்லை. ஊரில் ஒரு ஆட்டுத் தோலுக்குக்கூடப் பொய் சொல்லாத மனுஷன் என்னிடம் எதற்குப் பொய் சொல்ல வேண்டும். கேட்கலாமென்று வாயைத் திறந்தால் விடிந்ததும் கிளம்ப வேண்டும், அதைக் கட்டு இதைக் கட்டு என்று பறக்கிறார், விட்டுவிட்டேன்.

ஆட்டை முன்கூட்டியே அனுப்பியாகிவிட்டது. பஸ்ஸில் போகலாம் என்றுதான் புர்காவை மாட்டிக்கொண்டு நின்றேன். "ஏறு, வண்டியிலயே போயிருவோம்" என்றார். நான் எப்போதும் ஒரு பக்கமாகத்தானே உட்காருவேன். இதில் பின் சீட்டு ஒரு கைப்பிடி அளவுதான் இருக்கிறது, அதுவும் முன்னால் சரிகிறது, வாசல்படியில் நின்று ஏறி உட்கார்ந்தால் அப்படியே வழுக்கி இறங்கிவிட்டேன். "ரெண்டு பக்கமும் காலப் போட்டு உக்காரு, ஒண்ணும் ஆயிராது" என்றார். தெருவே பார்க்க நானா அப்படி உட்காருவது என்று உள்ளே போய்விட்டேன். அவர் வண்டியை அணைக்காமல் அப்படியே நின்றார். அப்புறம் நானும் உன் பழைய டிராக் பேண்ட் ஒன்றை உள்ளே போட்டுக்கொண்டு வந்து, பாத்திமா கையைப் பிடித்து ஏறி உட்கார்ந்தேன். வெட்கம் ஒரு பக்கம், பயம் ஒரு பக்கம், பிரேக் போடும்போதெல்லாம் அவர் முதுகில் போய் மோதினேன். "ஏம்மா முட்டிக்கிட்டே வார" என்று ஊர் கேட்கக் கேட்டார். ஆனால் ரஃபீக்கு, ஒன்று சொல்லட்டுமா. கல்யாணமான நாளில் இருந்து அத்தா பின்னால் ஒரு பக்கமாக உட்கார்ந்து போயிருக்கிறேனே தவிர, ரோட்டில் எதிரே என்ன வருகிறது என்று ஒரு நாளும் பார்த்ததில்லை. இதில் சீட்டு உயரம், அவர் குனிந்து ஓட்டுகிறார், அவர் தலைக்கு மேலே செம்பட்டி ரோடு முழுதும் எனக்குத் தெரிந்தது. இரண்டு பக்கமும் தென்னந்தோப்பு, தூரத்தில் வருகிற லாரி, எல்லாம் அவர் பார்க்கிற மாதிரியே நானும் பார்த்தேன். நன்றாகத்தான் ஓட்டுகிறார். எனக்குப் பயம் விட்டுப்போனது.

அகீகா நல்லபடியாக நடந்தது, குழந்தை பாஸிலாவை அப்படியே உரித்து வைத்திருக்கிறது, கறியும் சோறும் உனக்கு எடுத்து வைக்க முடியவில்லையே என்றுதான் இருந்தது. திரும்பி வரும்போது ஆனந்த்ராஜ் சொன்னதைக் கேட்டேன். "காத்து அடிக்குது, கேக்கல" என்றார். சத்தமாகக் கேட்டேன். "ஹெல்மெட் இறுக்குது, கேக்கல" என்றார். வீட்டு வாசலில் இறங்கி அவர் ஹெல்மெட்டைக் கழற்றியதும் இப்போது கேட்கிறதா என்று மறுபடியும் கேட்டேன். சாவியைக் கையில் வைத்துத் திருப்பிக்கொண்டே நின்றார். "வண்டியையும் வித்துட்டா அவனுக்கு இங்க என்ன கெடக்கு?" என்றார். ஏன், நாம் இல்லையா என்றேன். "நம்மளத்தான் தெனமும் போன்ல பாத்துக்கிறானே" என்றார். அவர் துணியை எடுத்துக்கொண்டு போய் வண்டியைத் துடைக்க ஆரம்பித்துவிட்டார்.

இதை உன்னைக் கஷ்டப்படுத்த எழுதவில்லை. அங்கே நீ படுகிற பாடு எங்களுக்குத் தெரியாதா. இரண்டு வருடம் என்றால் இரண்டு வருடம்தான், நாங்கள் பொறுத்துக்கொள்வோம். ஆனால் அந்தப் பேப்பர் உன் கைக்கு வந்தால் கையெழுத்துப் போடாதே. விற்கத்தான் வேண்டுமென்றால் நீயே வந்து ஓட்டிப் பார்த்துவிட்டு விற்றுக்கொள், நான் குறுக்கே நிற்க மாட்டேன். ஆனந்த்ராஜிடம் நான் பக்குவமாகச் சொல்லிக்கொள்கிறேன். வெயிலில் தண்ணீர் நிறையக் குடி, ராத்திரி பட்டினி படுக்காதே, தொழுகையை விடாதே. அல்லாஹ் உனக்கு நீண்ட ஆயுளும் பரக்கத்தும் தந்து, நல்லபடியாக எங்கள் கண் முன்னால் கொண்டுவந்து நிறுத்தட்டும். நான் எழுதியதாக அத்தாவிடம் மூச்சு விடாதே. ஒன்றே ஒன்று மட்டும் ஞாபகம் வைத்துக்கொள். இனிமேல் போன் பண்ணும்போது வண்டி வித்தாச்சா என்று அவரிடம் கேட்காதே. அத்தா, வண்டி எப்படி ஓடுது என்று கேள்.

துஆவுடன்,
உன் அம்மா
மெஹராஜ்