இருபத்தைந்து அடிக் கம்பி

இன்று காலை மாடியில் துணி காயப்போடப் புதுக் கம்பி கட்டினேன். முறுக்கி முடித்துவிட்டு முகத்தைத் துடைத்தபோது கையிலிருந்து அந்த வாசனை வந்தது. இரும்பும் வியர்வையும் கலந்த வாசனை. நீங்கள் கண்மூடி நான்கு வருடம் ஆகிறது. உங்கள் சட்டையில் தினமும் இருந்த வாசனை அது. எனக்கு அழுகை வந்திருக்க வேண்டும். வந்ததோ பயம். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். விழுப்புரத்து மாடி கண்முன் வந்து நின்றது.

எண்பதுகளின் நடுவில் திண்டிவனத்தில் நம் ரேடியோ ரிப்பேர் கடை ஆண்டெனா கடையாக மாறியிருந்தது. மெட்ராஸிலிருந்து வரும் டி.வி. படம் நம் பக்கத்தில் புள்ளி புள்ளியாகத்தான் தெரியும். மாடியில் உயரமான குழாய் நட்டு, உச்சியில் ஆண்டெனா மாட்டி, குழாய் சாயாமலிருக்க மூன்று பக்கமும் ஸ்டே கம்பி இழுத்துக் கட்டுவீர்கள். நீங்கள் எட்டாவதோடு நின்றவர், நான் பத்தாவது பாஸ் செய்துவிட்டு உங்களுக்கு வாக்கப்பட்டு வந்தவள். அதனால் கம்பியின் நீளத்தைக் கணக்குப் போடுவது என் வேலை. குழாயின் உயரம் ஒரு பக்கம், குழாயின் அடியிலிருந்து கம்பியைக் கட்டும் கொக்கி வரை தரை ஒரு பக்கம், சாய்வாக இறங்கும் கம்பி மூன்றாவது பக்கம். முதல் இரண்டின் வர்க்கத்தையும் கூட்டி வர்க்கமூலம் எடுத்தால் மூன்றாவது கிடைத்துவிடும். "எங்க வூட்டு இன்ஜினீயரம்மா" என்று கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்வீர்கள். அது எனக்குத் தலையில் ஏறிப்போயிருந்தது.

விழுப்புரத்தில் வேர்க்கடலை வாங்கி விற்கிற மல்லாட்டை மண்டிக்காரர் வீட்டுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை போனோம். கம்பி கட்டுமிடம் இருபத்துநாலு அடி உயரம், கொக்கிகள் பதினெட்டு அடி தள்ளி என்று முந்தின நாளே அளவு சொல்லியிருந்தீர்கள். நான் கணக்குப் போடவில்லை. ஏழு, இருபத்துநாலு, இருபத்தைந்து என்று செங்கோண முக்கோணத்தின் பக்கங்களாகப் பள்ளியில் மனப்பாடம் செய்த வரிசை ஒன்று உண்டு. இருபத்துநாலு என்று காதில் விழுந்ததும் கை தானாக இருபத்தைந்து என்று எழுதிவிட்டது. முடிச்சுக்குத் தனியாக இரண்டடி விட்டு மூன்று கம்பிகளையும் வெட்டி வைத்தேன்.

மண்டியில் மூட்டை தூக்குகிற இரண்டு பேர் குழாயை நிமிர்த்த, நீங்கள் அடியைப் பிடித்துக்கொண்டு குனிந்திருந்தீர்கள். முதல் கம்பியை இழுத்துக்கொண்டு போனேன். கொக்கிக்கு முன்னால் மூன்றடிக்கு மேல் குறைந்தது.

"எட்டுதாம்மா?" என்றீர்கள்.

படி வரை சனம் நின்றிருந்தது. "சாயங்காலம் படம் போட்டுருவான், ஜல்தியா முடிங்கப்பா" என்று மண்டிக்காரர் அவசரப்படுத்திக்கொண்டிருந்தார். இன்ஜினீயரம்மாவின் கணக்கு தப்பு என்று அத்தனை பேர் முன்னால் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

"எட்டுதுங்க" என்றேன்.

பிற்பாடு அறை எழுப்புவதற்காக விட்டிருந்த தூண் கம்பிகள் குழாயைச் சுற்றி ஏழடி தூரத்தில் நீட்டிக்கொண்டிருந்தன. மூன்றையும் அவற்றில் கட்டினேன். நீங்கள் என் வார்த்தையை நம்பினீர்கள். பிடித்திருந்தவர்களை விடச் சொல்லிவிட்டு, குழாயில் வெல்டு வைத்த குறுக்குக் கம்பிகளில் கால் வைத்து, ஆண்டெனாவை மெட்ராஸ் பக்கம் திருப்ப மேலே ஏறினீர்கள்.

கடல்காற்று எழுந்தது அப்போதுதான். குழாயின் உச்சி ஒரு முழம் அசைந்து திரும்பியது. என் காலடியில் தூண் கம்பி மெல்ல வளைய ஆரம்பித்தது. கத்தினால் நீங்கள் திடுக்கிட்டுத் திரும்புவீர்கள். திரும்பினால் பாரம் ஒரு பக்கம் சாயும். கத்தாவிட்டாலும் அது வளைந்துகொண்டுதான் இருந்தது. ஸ்டே கம்பியை இரண்டு கையாலும் பற்றி இழுத்தேன். உள்ளங்கை கிழிந்தது பிறகுதான் தெரிந்தது. கீழே தெருவில் கிடந்த கருங்கல் ஜல்லியையே என் கண் பார்த்தது.

"ஏங்க," என்றேன், எனக்கே கேட்காத குரலில். பிறகு கொஞ்சம் உரக்க, "மெதுவா எறங்குங்க. கம்பி எட்டலை. நான் கிட்டக்கவே கட்டிட்டேன்."

நீங்கள் கீழே பார்க்கவில்லை. "பிடிச்சிக்கினு இரு. பேசாத" என்று மட்டும் சொன்னீர்கள். ஒரு கால். குழாய் ஆடுவது நிற்கும் வரை காத்திருந்து அடுத்த கால். மூட்டைக்காரர்களும் ஓடிவந்து ஆளுக்கொரு கம்பியைப் பிடித்தார்கள். உங்கள் பாதம் தரையைத் தொட்ட பிறகும் என்னால் கையை விரிக்க முடியவில்லை. நீங்கள்தான் விரலை ஒவ்வொன்றாகப் பிரித்தெடுத்தீர்கள்.

"இன்னிக்குப் படம் கெடையாதுங்க. கம்பி நான் தப்பா வெட்டிட்டேன்" என்று மண்டிக்காரரிடம் சொன்னீர்கள். அவர் திட்டியதை நின்று வாங்கிக்கொண்டீர்கள். பஸ்ஸில் திண்டிவனம் திரும்பினோம். மயிலம் ரோடு தாண்டியதும், "இப்பப் போடு" என்றீர்கள். ஐந்நூற்று எழுபத்தாறு, முந்நூற்று இருபத்துநாலு, கூட்டினால் தொள்ளாயிரம். "முப்பது" என்று சொல்லி முடிக்குமுன் அழுதுவிட்டேன்.

"கணக்கு யாருக்கும் தப்பும்மா. எட்டலைன்னா எட்டலைன்னு சொல்லிடு. மேல இருக்கறவனுக்கு நீ சொல்றதத் தவிர வேற எதுவும் தெரியாது."

புதன்கிழமை முப்பதடிக் கம்பியோடு திரும்பப் போனோம். இனி நீங்களே கட்டிக்கொள்வீர்கள் என்று நினைத்திருந்தேன். அதைத்தான் விரும்பினேன் என்றுகூடச் சொல்லலாம். நீங்களோ கம்பியை என் கட்டுப்போட்ட கையில் கொடுத்துவிட்டுக் குழாயடியில் குனிந்துகொண்டீர்கள். மூன்று கொக்கியிலும் கட்டினேன். ஒரு தடவைகூட இழுத்துப் பார்க்காமல் ஏறினீர்கள்.

நீங்கள் இறங்குகிற வரை நான் மூச்சுவிட்டேனா என்று தெரியாது. அதற்குப் பிறகு எத்தனையோ மாடிகள். ஒன்றில்கூட அந்தப் பயம் குறையவில்லை. காற்றடித்தால் இப்போதும் எழுந்து மேலே பார்க்கிறேன். இது போகட்டும் என்று நான் வேண்டிக்கொண்டதில்லை. என்னை நம்பி ஒருவர் மேலே ஏறியபோது எனக்குள் வந்தது இது. நீங்கள் இறங்கிவிட்டீர்கள். நான் இன்னும் பிடித்துக்கொண்டிருக்கிறேன்.