மேற்கு ஜன்னலுக்கு எந்தக் கண்ணாடி

சிதம்பரம்

அன்புள்ள அம்மாவுக்கு,

இன்று மத்தியானம் சிவப்பு நூல் எனக்கு அரக்காகத் தெரிந்தது. அது இருக்கட்டும், உன் கால்வலி தேவலையா? நான் நன்றாக இருக்கிறேன்.

தையல்கடையில் என் மிஷினுக்கு எதிரே மேற்கு ஜன்னல். அதற்கு வெயில் தாங்கும் கண்ணாடி போட வேண்டுமென்று கடை முதலாளி ஜெயசீலி அக்கா இரண்டு துண்டுகள் வரவழைத்து அதில் சாய்த்து வைத்திருக்கிறார். ஒன்று கறுப்பு. மற்றது வெறும் வெள்ளைக் கண்ணாடி மாதிரிதான் இருக்கிறது. ஆனால் சூட்டைத் தடுக்கும் பூச்சு உண்டாம், விலையும் அதிகமாம்.

கறுப்புத் துண்டின் நிழலில் உட்கார்ந்துதான் அரக்கு ரவிக்கைக்குச் சிவப்பு நூலில் தைத்துவிட்டேன். முழுவதும் பிரித்தேன். அக்கா திட்டவில்லை, சிரித்தார்.

“ஒக்காரப்போறது நீதானே. எது வேணும்னு நீயே சொல்லுடி.”

இரண்டையும் தொட்டுத் தொட்டுப் பார்த்தேன். கறுப்பு பார்க்கக் குளுமை, தொட்டால் சுடுகிறது. வெள்ளையில் கண் கூசுகிறது, ஆனால் பின்னால் கை வைத்தால் சூடு குறைவு. கண்ணை நம்புவதா, கையை நம்புவதா? விலை கூடியதைக் கேட்டால் அக்கா என்ன நினைப்பாரோ? வெள்ளையில் நம்மூர் வழியாகப் போகும் விருத்தாசலம் பஸ்ஸின் போர்டைக்கூடப் படிக்க முடிகிறது. ஒன்றும் புரியவில்லை அம்மா.

நான் தங்கியிருக்கும் அறை ஜன்னலில் கட்ட உன் பழைய புடவை ஒன்று கொடுத்தனுப்பு. துவைக்க வேண்டாம்.

அக்கா கூப்பிடுகிறார், நிறுத்துகிறேன்.

உன் மகள்
இசைவாணி

பின்குறிப்பு: வெள்ளைத் துண்டை எடுத்துப்போய் அக்கா மேசைமேல் வைத்துவிட்டு வந்தேன்.