ஜன்னலில் தொங்கிய உப்பளம்

தில்லையடி,
புத்தளம்.

அன்பின் ஹஃபீலாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நானும் மகளும் அல்லாஹ்வின் கிருபையால் சுகம். றிஸ்மினாவுக்கு இருமல் விட்டுவிட்டது. உம்மா எங்கே என்று யாராவது கேட்டால், படம் வரையப் படிக்க மலேசியா போயிருக்கிறா என்று பெருமையாகச் சொல்கிறாளாம். கடையில் பெருநாள் தையல் குவிந்து கிடக்கிறது.

ஒவ்வொரு நாளும் போனில் கதைக்கிறோம், பிறகு ஏன் கடிதம் என்று நினைப்பாய். உன் முகத்தைப் பார்த்துக்கொண்டு இதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

கொழும்பு ஏலத்தில் உன் உப்பளப் படத்தை ஒருவரும் கேட்காததற்கு மழைதான் காரணம் என்று சொன்னேன். அது பொய். மண்டபம் நிறைய ஆட்கள் இருந்தார்கள். முதல் நாள் கண்காட்சியில் எத்தனையோ பேர் உன் படத்துக்கு முன்னால் நின்று பார்த்தார்கள். ஏலத்தில் அதைத் தூக்கி வைத்ததும் முன்வரிசையில் இருந்த ஒருவர், இது கற்பிட்டி ஹோட்டல் ஜன்னலில் போட்டிருக்கும் துணி அல்லவா என்று போனைத் திறந்து காட்டினார். போன் கைமாறிக்கொண்டே போனது. திரைச்சீலையைப் பார்த்து வரைந்திருக்கிறா என்று யாரோ சொல்ல, எல்லாரும் சிரித்தார்கள். அதன் பிறகு எவரும் கை தூக்கவில்லை.

அந்தத் துணியைத் தைத்தவன் நான்தான், ஹஃபீலா.

நீ போன பிறகு, கற்பிட்டியில் புது ஹோட்டல் கட்டிய கில்பட் கடைக்கு வந்தார். காட்டிய துணி ஒன்றும் அவருக்குப் பிடிக்கவில்லை. சுவரில் சாய்த்திருந்த உன் படத்தைக் கண்டு, இது மாதிரி வேண்டும் என்றார். போனில் படம் பிடித்து, துணியில் அச்சடிக்கக் கொடுத்தேன். உன்னிடம் ஒரு சொல் கேட்டிருக்கலாம். என் பெண்சாதியின் படம்தானே என்று நினைத்தேன். வேண்டாம் என்று சொல்லிவிடுவாயோ என்ற பயமும் இருந்தது.

வெள்ளையும் சாம்பலுமான அத்தனை பாத்திகளுக்கு நடுவில் நீ ஒரே ஒரு சிவப்புப் பாத்தி வைத்தாய். உன் வாப்பா வேலை செய்துகொண்டிருந்தபோது விழுந்து மௌத்தான இடம் அது என்று எனக்குத் தெரியும். ஒரு சிவப்பு போதாது, எடுப்பாக இருக்காது என்றார் அச்சடிக்கிறவர். நான் தலையாட்டினேன். ஒவ்வொரு ஜன்னலிலும் அந்தச் சிவப்புப் பாத்தி வரிசை வரிசையாகத் தொங்கியது.

அவர்கள் சிரித்தபோது நான் எழும்பி, படம்தான் முதல், துணி பிறகு வந்தது என்று சொல்லியிருக்க வேண்டும். கதிரையில் கல் மாதிரி இருந்தேன். மழையாவது ஒன்றாவது, என் படம் ஒருவருக்கும் பிடிக்கவில்லை, படிப்பை விட்டுவிட்டு வந்து கடையைப் பார்க்கிறேன் என்று நீ போனில் அழுதாய். அப்போதும் நான் வாய் திறக்கவில்லை.

பிறகு கற்பிட்டிக்குப் போய், அந்தத் துணிகளைக் கழற்றித் தரும்படி கில்பட்டிடம் கேட்டேன். வருகிறவர்கள் அதற்கு முன்னால் நின்றுதான் படம் எடுக்கிறார்கள், இதில் என்ன குற்றம் என்றார். உன் வாப்பாவைப் பற்றிச் சொன்னேன். பிறகு அவரே ஏணியை எடுத்துக்கொண்டு வந்தார். அவருக்கு வெறும் வெள்ளைத் துணியில் வேறு தைத்துக் கொடுத்தேன். கழற்றியவை கடையில் மூட்டையாகக் கிடக்கின்றன. எரிப்பதா வைப்பதா என்று நீ சொல்லும்வரை தொடமாட்டேன்.

ஏலம் நடத்திய மிஸ்ஸிடமும் உண்மையைச் சொன்னேன். நன்றாக ஏசினா. ஏசி முடித்து, ஏலத்துக்கு வந்த எல்லாருக்கும் அதை எழுதி அனுப்பினா. அடுத்த கண்காட்சியில் படத்தையும் துணியையும் பக்கத்தில் பக்கத்தில் தொங்கவிட்டு, இரண்டுக்கும் உன் பெயரைப் போடலாமா என்று கேட்கிறா. ஒரு படம் துணியாகி ஜன்னலுக்குப் போவது சுவருக்குப் போவதைவிடக் குறைந்ததல்ல, கேட்காமல் எடுத்ததுதான் பிழை என்றா. உன் படத்துக்காக நான் பதில் சொன்னது போதும். நீயே அவவோடு கதை.

கடைக்காக நீ வரவேண்டாம். அதை நான் பார்த்துக்கொள்கிறேன். படிப்பை முடி. அல்லாஹ் உன் கைக்குப் பலம் தரட்டும்.

இதை வாசித்த பிறகு என்னோடு கதைக்க மனமில்லாவிட்டால், மகளோடு மட்டும் கதை. போனை அவளிடம் கொடுத்துவிட்டு நான் வெளியே நிற்கிறேன். எடுக்காமல் மட்டும் இருந்துவிடாதே.

இப்படிக்கு,
ஃபாஹிம்